லாரியே போகும் சார்

எங்கள் குடியிருப்பின் தூண்களுக்கு ஆபத்து என்று சங்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். கார்கள் உரசி உரசி முனைகள் பெயர்கின்றனவாம். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. மிக்சர் கொடுப்பதை நிறுத்தியதிலிருந்து அநேகமாக யாருமே போவதில்லை. போயிருந்த நாலைந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கார் கிடையாது என்று பிறகு தெரிந்தது. அவர்கள் கூடி, தரைத்தளத்துத் தூண் ஒவ்வொன்றையும் சுற்றி அரை அடி உயரத்துக்கு சிமென்ட் திட்டு கட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். தூண்கள் இப்போது பத்திரமாக இருக்கின்றன. என் காரின் இடது பின் சக்கரத்தில், அலாய் வீலின் விளிம்பு மட்டும் கால்வட்டத்துக்குத் தேங்காய் துருவிய மாதிரி ஆகிவிட்டது.

நான் இடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வருடக்கணக்காகத் திருப்புகிற இடத்தில்தான் அன்றைக்கும் திருப்பினேன். அதுவரை அந்த இடத்தில் காற்று இருந்தது. அன்றைக்கு சிமென்ட் இருந்தது. இரண்டு பேரில் யார் இடம் மாறினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். வாட்ஸப் குழுவில் மட்டும் ஓர் அறிவிப்பு வந்தது: 'பெயின்ட் காயும்வரை யாரும் திட்டில் மோத வேண்டாம்.' காய்ந்த பிறகு மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சத்தத்தை உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை. கேட்டிருப்பீர்கள். கேட்டதும் என்ன செய்வோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பதறிப்போய் வண்டியை அரை அடி முன்னால் எடுப்போம். அதே சத்தம் எதிர்த் திசையில் இன்னொரு முறை கேட்கும். பிறகு இறங்கிப் போய்ப் பார்க்காமல், கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். பார்க்காதவரை அது டயர் உரசிய சத்தமாகவும் இருக்கலாமல்லவா?

என் கோபம் திட்டு கட்டியவர்கள்மேல்கூட இல்லை. சத்தம் கேட்கும் கணம் வரைக்கும் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்: "வாங்க சார், வாங்க, வாங்க, எவ்ளோ இடம் இருக்கு, லாரியே போகும் சார்!"

இந்த லாரியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

நம் ஊரில் ஒரு சந்தையோ கேட்டையோ இரண்டு தூண்களுக்கு நடுவே இருக்கும் இடத்தையோ அளக்க அடியும் மீட்டரும் பயன்படுவதில்லை. இரண்டே அளவுகள்தான். 'லாரியே போகும்' ஒன்று. 'சைக்கிள்கூடப் போகாது' இன்னொன்று. நம் காருக்கு வழி சொல்லும்போது முதலாவது. சொல்கிறவர் வீட்டு வாசலில் நாம் காரை நிறுத்தியிருந்தால் இரண்டாவது. நடுவில் எதுவும் கிடையாது. "உங்க கார் போகும் சார், ஆனா இடது பக்கம் நாலு விரல்தான் இருக்கு" என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னால் கும்பிடக் காத்திருக்கிறேன்.

லாரி உண்மையிலேயே போகுமா என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள், இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 93ஆவது விதி வண்டிகளின் அளவைப் பேசுகிறது. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாதாம். அதாவது சட்டத்துக்குட்பட்ட ஒழுங்கான லாரி 2.6 மீட்டர் வரை அகலமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அதன்படி ஒரு கார் நிறுத்துமிடத்தின் அகலம் 2.5 மீட்டர், நீளம் 5 மீட்டர். 2.6ஐ 2.5க்குள் விடச் சொல்கிறார்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களிடம் போய்ச் சொன்னால் உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்புவார்கள். லாரி போகாது, ஐயா. அரசாங்கக் கணக்கிலேயே போகாது. அதுவும் அந்த 2.5 என்பது வரைபடத்தில் இருக்கிற 2.5. எங்கள் கட்டடத்தைக் கட்டியவர் தூணின் மேல்தோலிலிருந்து அளந்தாரா, தூணின் மையத்திலிருந்து அளந்தாரா, அவர் மனசாட்சியிலிருந்து அளந்தாரா என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

லாரியே போகும் என்று சொல்கிறவர் எங்கே நிற்பார் என்று கவனித்திருக்கிறீர்களா? நேர் பின்னால், நட்ட நடுவில். அதாவது காருக்குப் பின்னால் எந்த இடத்தில் ஆபத்தே இல்லையோ அந்த இடத்தில். கண்ணாடியில் அவருடைய உள்ளங்கை மட்டும் தெரியும். அது நம்மை வா வா என்று அழைத்துக்கொண்டே இருக்கும். அவர் பார்ப்பது சக்கரத்தை அல்ல, தூணை அல்ல, நம் முகத்தை. நாம் அவரைப் பார்க்கிறோமா என்று பார்க்கிறார். பார்க்காவிட்டால் டிக்கியில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். எதிலோ மோதிவிட்டோம் என்று நெஞ்சு நின்றுவிடும். "ஒண்ணுமில்ல சார், வாங்க வாங்க" என்பார்.

எங்கள் குடியிருப்பில் முன்பு காவலாளியாக இருந்தவர் விழுப்புரம் பக்கத்துப் பெரியவர். அவர் "வரலாம், வரலாம்" என்பார். இப்போது இருப்பவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். "ஆவோ, ஆவோ" என்று ஆரம்பித்து, ஆறே மாதத்தில் லாரியைத் தமிழில் கற்றுக்கொண்டுவிட்டார். வந்தாரை வாழவைக்கும் ஊர் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்த முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

டீக்கடைத் தன்னார்வலர்கள் தனி. நாம் கேட்காமலே கையில் கிளாஸோடு வருவார்கள். "ஒடி, ஒடி, நல்லா ஒடி." எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள். "ஃபுல்லா ஒடிச்சு, அப்படியே நேர் பண்ணி, ஒரு ரிட்டன் அடிச்சு வா." இதைக் கேட்டு அப்படியே செய்யக்கூடிய ஓட்டுநர் இருந்தால், அவருக்கு இவருடைய உதவியே தேவைப்படாது. அதற்குள் இரண்டாவது ஆள் எதிர்ப்பக்கம் ஒடிக்கச் சொல்வார். இருவருக்கும் விவாதம் முற்றும். மூன்றாவதாக ஒருவர், அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், நமக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக, "அவருக்கு ஓட்டத் தெரியல, விடுங்கப்பா" என்பார். நம் காரைப் பற்றி அந்தத் தெருவில் கருத்து இல்லாதவர் நாய் ஒன்றுதான். அதுவும் எழுந்து நகராது.

இதோடு விட்டிருப்பேன், கல்யாண மண்டபத்து செக்யூரிட்டியின் விசிலை விட மனம் வரவில்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் விசிலுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் கிளம்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மண்டபத்தில் அப்படி எதுவும் கிடையாது. வா என்பதற்கும் விசில், நில் என்பதற்கும் விசில், போய்விட்டது என்பதற்கும் விசில். கடைசி விசில் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அங்கே நமக்குப் பின்னால் இன்னும் எட்டுக் கார்கள் நிற்கும், எல்லாவற்றிலும் பட்டுப்புடவைகள் இருக்கும், முகூர்த்தம் போய்க்கொண்டிருக்கும். அவசரத்தில் ஒடிப்போம். மண்டபக்காரர் வாழைமரம் கட்டுவதற்காகவே ஒரு கருங்கல்லை நட்டுவைத்திருப்பார்.

மாலின் பேஸ்மென்ட்டில் சிவப்பு விளக்குக் குச்சியோடு நிற்பவர் இன்னும் கெட்டிக்காரர். கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருக்கும். அவர் இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் ஒன்றைத்தான் காட்டுவார். அங்கே கேட்டால் அது விதியாம்.

வீட்டுக்குள்ளேயே இருக்கிறவர்களை எப்படி விடுவது? இடது முன் இருக்கையில் என் மனைவி. அந்த இருக்கையிலிருந்து ஜன்னலை இறக்கிக் குனிந்தால் சக்கரமும் திட்டும் தெளிவாகத் தெரியும். குனிய மாட்டாள். "பாத்து" என்பாள். எதைப் பார்த்து? "பாத்துங்க." நேர் ரோட்டிலும் பாத்து, தூண் பக்கத்திலும் பாத்து, கார் நின்று அணைந்த பிறகும் ஒரு பாத்து. சத்தம் வந்ததும் மட்டும் வாக்கியம் முழுசாக வரும்: "நான்தான் அப்பவே பாத்துன்னு சொன்னேனே."

மாமனார் வந்திருந்தால் உடனே இறங்கிவிடுவார். அம்பாசடர் ஓட்டியவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "தைரியமா வாங்க மாப்ளை, நாங்கல்லாம் இந்தச் சந்துல அம்பாசடரையே திருப்புவோம்." நாலு விரல் என்று அவரும் சொல்ல மாட்டார். ஆனால் அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒழுங்காக வழி சொல்கிற ஆட்களை நான் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். திருவாரூரில். ஆழித்தேர் 96 அடி உயரம், 300 டன் என்பார்கள். திருச்சி பெல் நிறுவனம் பிரேக் பொருத்திக் கொடுத்த தேர். அது வீதி மூலையில் திரும்ப வேண்டும். ஸ்டியரிங் கிடையாது. கண்ணாடி கிடையாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர், சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டையோடு குனிந்து நிற்கிறார்கள். மேளம் அடிக்கிறது, ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள், உச்சியில் கலசம் ஆடுகிறது. அவர்கள் எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்ப்பது சக்கரத்தை, சக்கரத்தை மட்டும். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் கட்டையைச் செருகினால் தேர் எவ்வளவு திரும்பும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களில் யாரும் தியாகராஜரின் முகத்தைப் பார்த்து "வாங்க சாமி, இன்னொரு தேரே போகும்" என்று சொல்லவில்லை. ஒருவரை எங்கள் குடியிருப்புக்கு வேலைக்கு வைக்கலாமே என்று குழுவில் எழுதினேன். யாரோ ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார். வேறு பதில் இல்லை.

ஒரே இடம் என்றது தவறு, லாரி கிளீனர்களையும் சொல்ல வேண்டும். நிஜ லாரிக்கு நிஜமாக வழி சொல்கிறவர்கள். டிரைவருக்குத் தெரியாத இடது பக்கமாக இறங்கி, பின் சக்கரத்தோடு சேர்ந்து நடந்து வருவார்கள். பலகையில் தட்டுகிற தட்டு ஒவ்வொன்றுக்கும் டிரைவருக்குப் புரிகிற அர்த்தம் உண்டு. 'லாரியே போகும்' என்று ஒரு கிளீனர் சொல்லி நான் கேட்டதே இல்லை. லாரி எங்கெல்லாம் போகாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். இடது பின் சக்கரம் ஏன் அடிபடுகிறது? முதலாவது, நாம் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். இடது பக்கம் நடப்பதெல்லாம் நமக்கு அடுத்த மாநிலத்துச் செய்தி. இரண்டாவது, திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே குறுக்கு வெட்டும். முழுசாக ஒடித்துத் திருப்பினால் அரை மீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிடும். முன்னால் போகும்போது, முன் சக்கரம் திட்டைத் தாண்டிவிட்டதே என்று நிம்மதியாக மூச்சு விடும் இடத்தில்தான் பின் சக்கரம் வந்து சேர்கிறது; ரிவர்ஸில் அதுவே முதலில் வந்து சேர்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும் என்று 1818லேயே இங்கிலாந்தில் ஆக்கர்மன் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். உண்மையில் அதைக் கண்டுபிடித்தவர் முனிச் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர். அவருக்கு ஏஜென்ட்டாக இருந்தவர் ஆக்கர்மன். பெயர் ஏஜென்ட்டுக்குப் போய்விட்டது. முன் சக்கரத்துக்காக இவ்வளவு நடந்திருக்கிறது, குதிரை வண்டிக் காலத்திலேயே. நம் மாதிரிக் கார்களில் பின் சக்கரத்துக்காக இன்றுவரை யாரும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை.

அரசாங்கமும் பின்பக்கத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. 2019 ஜூலை 1க்குப் பிறகு தயாராகும் ஒவ்வொரு காரிலும் பின்னால் பார்க்கிங் சென்சார் கட்டாயம். நல்லதுதான், குழந்தைகள் நிற்கும் இடம். ஆனால் அது இருப்பது பின் பம்பரில். பக்கவாட்டில் எதுவும் கிடையாது. பம்பரிலிருந்து நேர் பின்னால் பார்க்கும் சென்சாருக்கு, பக்கத்தில் அரை அடி உயரத்தில் குந்தியிருக்கும் திட்டு இருப்பதே தெரியாது. அதனால் பின்னால் நிற்கும் துளசி மாடத்தைப் பார்த்து 'கீங் கீங்' என்று அலறிக்கொண்டே, சக்கரத்தை சிமென்ட்டில் விட்டுவிடும். காவலாளிக்கும் சென்சாருக்கும் ஒரே பயிற்சி நிலையமோ என்னவோ.

இதற்கெல்லாம் ஒரு வழி இருக்கிறது. நானே யோசித்து, பேரனின் ஜாமெட்ரி பாக்ஸை வாங்கி, கோடு போட்டுப் பார்த்து வைத்திருக்கிறேன். செலவே இல்லாத வழி. சொல்கிறேன். அதற்கு முன்னால் மாமனாரின் அம்பாசடர்.

அம்பாசடர் என்ன, அந்தக் கால வண்டிகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை என்பது உண்மை. இரும்பு ரிம். நடுவில் ஒரு கிண்ணம். உரசினால் உரசியதுதான், அதை யாரும் உரசல் என்று சொல்ல மாட்டார்கள், ரிம் என்றுதான் சொல்வார்கள். 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. அதன் அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. இரண்டரை மீட்டர் இடத்தில் நிறுத்தினால் மீதி ஒரு மீட்டருக்கு மேல். சைக்கிளும் வைக்கலாம், சைக்கிள்காரரும் இறங்கலாம். இப்போது தெருவுக்கு நாலு நிற்கிற எஸ்.யூ.வி.க்களில் பல சுமார் 1.79 மீட்டர் அகலம். அதுவும் கண்ணாடிகளைச் சேர்க்காத கணக்கு. மீதி 71 சென்டிமீட்டர், பக்கத்துக்கு 35. அதற்குள் கதவைத் திறந்து, வயிற்றை எக்கி, இறங்க வேண்டும். நான் கொஞ்ச காலமாக இறங்குவதில்லை, கசிகிறேன்.

கார்கள் ஏன் பக்கவாட்டில் பெருத்தன? 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் சிதம்பரம் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் எது? நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இன்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிக்கியை வெட்டிப் போட்டுவிட்டு, நம் கம்பெனிக்காரர்கள் நாலு மீட்டருக்குள் காரை எவ்வளவு கொழுக்கவைக்கலாமோ அவ்வளவு கொழுக்கவைத்தார்கள். நிதியமைச்சர் எந்த ஊர் அபார்ட்மென்ட்டிலும் ரிவர்ஸ் எடுத்திருக்க வாய்ப்பில்லை. எடுத்திருந்தால், நீளம் எப்படியோ போகட்டும், பின்னால் இடிப்பதற்குச் சுவராவது கண்ணுக்குத் தெரியும், அகலத்துக்குத்தான் உச்சவரம்பு வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

கார் பெருத்தது ஒரு பக்கம், இடம் யாருடையது என்பது இன்னொரு பக்கம். தூண்களுக்கு நடுவே இருக்கும் திறந்த தரைத்தளம் பொது இடம், அதை பில்டர் தனியாகக் கூறுபோட்டு விற்க முடியாது என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில் சொல்லிவிட்டது. சரி, யாருக்கும் சொந்தமில்லை என்றால் என் இடத்தின் மூலையில் நிற்கும் அந்தப் பழைய ஸ்கூட்டர் யாருக்குச் சொந்தம்? எதிர் ஃபிளாட்காரருக்கு. தார்ப்பாய் போர்த்தி, அதன் மேல் செங்கல் வைத்திருக்கிறார். ஓடாது, விற்க மாட்டார், அவர் அப்பாவுடையதாம். அப்பா என்று சொன்ன பிறகு நாம் என்ன பேசுவது? நான் இடது பக்கம் ஒட்டி வரவேண்டியிருப்பதற்குக் காரணமே வலது பக்கத்தில் அந்த அப்பா நிற்பதுதான்.

வீலை எடுத்துக்கொண்டு ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். அந்த ரோட்டில் காருக்குக் கிடைக்காதது இடம் மட்டும்தான். கடைக்காரர் குனிந்து, ஒரு விரலால் தடவிப் பார்த்தார். டாக்டர்கள் இந்த மாதிரித் தடவினால் செலவு அதிகம்.

"சார், இது டைமண்ட் கட்."

"அப்படின்னா?"

"பெயின்ட் அடிச்சு, அப்புறம் லேத்ல மூஞ்சிய மட்டும் சீவி, பளபளன்னு வந்ததும் மேல கிளியர் கோட் அடிச்சிருப்பாங்க. கம்பெனிக்காரன் பளபளன்னு காட்டறதுக்குத்தான். நம்ம ரோட்டுக்கு இல்ல."

"ஒட்டுப் போட்டு டச்சப் பண்ண முடியாதா?"

"பண்ணலாம். தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அப்படியே விட்டீங்கன்னா கிளியர் கோட்டுக்குள்ள தண்ணி போயி வெள்ளையா புழு மாதிரி ஓட ஆரம்பிக்கும்" என்றார். அலுமினியம் துருப்பிடிக்காது என்று பள்ளியில் படித்ததை நம்பித்தான் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன். கிளியர் கோட் உடைந்த இடத்தில் ஈரமும் கடல் காற்றும் புகுந்து, அடியில் அரித்துக்கொண்டே போகுமாம். மெரினாவுக்குக் காற்று வாங்கப் போகும்போதெல்லாம் வீலும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"மறுபடியும் லேத்ல போட்டுச் சீவலாம் சார். ஆனா ஒவ்வொரு தடவையும் மெட்டல் குறையும். ஒண்ணு, ரெண்டு தடவை தாங்கும். அதுக்கு மேல நான் பண்ண மாட்டேன். இல்லன்னா பவுடர் கோட்டிங் போட்டு அடுப்புல வெச்சு எடுத்துடலாம். உங்களுக்கு எத்தனை வீல்?"

"ஒண்ணுதான் போயிருக்கு."

"ஒண்ணு பண்ணா கலர் சேராது சார். நாலும் பண்ணிடுங்க."

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற மூன்று வீல்களும் என்ன பாவம் செய்தன? வலது பக்கம் இருக்கும் இரண்டும் இத்தனை வருடத்தில் ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்கின்றன. ஒருத்தன் பெயிலானான் என்பதற்காக வகுப்பையே மறுபடி பரீட்சை எழுதச் சொல்கிறார்.

இரும்பு ரிம்மே மாட்டிவிடலாமா என்று கேட்டேன். பிளாஸ்டிக் வீல் கவர் போட்டுக்கொண்டால் உரசல் அதில் போய்விடும், நூற்றுக்கணக்கில் முடிந்துவிடும், டாக்ஸிக்காரர்கள் அப்படித்தானே நிம்மதியாக இருக்கிறார்கள்? கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், மகளுக்குக் கல்யாணத்தை ரிஜிஸ்டர் ஆபீசில் வைக்கிறேன் என்று சொன்னவனைப் பார்க்கும் சொந்தக்காரர் தெரிந்தார். "டாப் மாடல் சார் இது" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். அந்த அலாய் வீலுக்காகத்தான் டாப் மாடல் வாங்கினோம். அதோடு கூரையில் ஜன்னல் ஒன்றையும் கொடுத்தார்கள். வெயிலுக்கு பயந்து அதைத் திறப்பதேயில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். கட்டாயக் கழிவு 1000 ரூபாய் நம் கையிலிருந்து. இன்ஜின் 1500 சி.சி.யைத் தாண்டினால் 2000. அது போகட்டும். கிளெய்ம் எதுவும் போடாமல் முதல் வருடம் ஓட்டினால் 20 சதவீதத் தள்ளுபடி, அப்படியே ஐந்து வருடம் ஏறி 50. நான் அந்த 50இல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் சர்ரென்று பூஜ்யம். வீலின் செலவைவிட அந்த இறக்கம் பெரிதாம். பரமபதத்தில்கூடப் பாம்பு நம்மை ஏதாவது ஒரு கட்டத்தில் இறக்கிவிடும்.

"இதுக்கெல்லாம் போய் கிளெய்ம் போடாதீங்க சார்," என்றார் ஏஜென்ட் ஆறுதலாக. "பெருசா ஏதாவது ஆகும். அப்பப் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சிக்னலில் நின்றால் வலது பக்கம் நிற்கும் காரின் இடது சக்கரங்களைத்தான் பார்க்கிறேன். சின்ன வண்டி, பெரிய வண்டி, ஜெர்மன் வண்டி, எல்லாவற்றிலும் இருக்கிறது, அதே இடத்தில், அதே கால்வட்டம். கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் அந்த ஆளுக்குப் பின்னாலும் ஒரு நாள் யாரோ லாரியை விட்டிருக்கிறார்கள். ஒருவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை இறக்கி, "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். அவரும் எட்டி என் முன் சக்கரத்தைப் பார்க்க முயன்றார். அது வலது சக்கரம், சுத்தமாக இருந்தது. அவருக்கு ஏமாற்றம்.

மகன் கொச்சியிலிருந்து போன் செய்து, "அப்பா, அடுத்த காருக்கு 360 டிகிரி கேமரா வெச்சு வாங்கிக்கலாம், மேலேர்ந்து பாக்கற மாதிரி சக்கரம் திட்டு எல்லாம் திரையில தெரியும்" என்கிறான். விசாரித்தேன். அந்த கேமரா உள்ள மாடலில் அலாய் வீல் இன்னும் ஓர் அங்குலம் பெரிது. டைமண்ட் கட்.

அதனால் என் வழியே நல்ல வழி. செலவில்லாதது என்று சொன்னேனே. வரைபடம் மேஜையில் இருக்கிறது, அளவெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், ஒருமுறை செய்துபார்த்துவிட்டால் எழுதிவிடுவேன். அதற்கு அந்த ஸ்கூட்டர் ஒன்றரை அடி வலது பக்கம் நகர்ந்தால் போதும். எதிர் ஃபிளாட்டில் மணி அடித்தேன். அவர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். ஸ்கூட்டருக்கு ஹாண்டில் லாக் போட்டிருக்கிறது. ஓடாத வண்டிக்கு எதற்குப் பூட்டு என்று போனில் கேட்டதற்கு, "காலம் கெட்டுக் கெடக்கு சார்" என்றார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. பேரனுக்குப் பரீட்சை முடிந்ததும் வருகிறாராம். பேரன் எல்.கே.ஜி. படிக்கிறான், அவனுக்கு என்ன பரீட்சை என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.